ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

விடுதியில் முதல் நாள் காலை என் முன்னால் வந்தது அரை றாத்தல் பாண் என்கிற பிரெட், ஒரு கிண்ணம் பருப்பு, கண்ணில் நீர் வரவைக்கும் சிவப்புச் சம்பல். சுற்றியிருந்த மேசைகளில் சடை வளர்த்த வெள்ளைக்காரப் பிள்ளைகள். கற்பிட்டிக் கடலில் இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலைமேல் ஓட வந்தவர்களாம். விடுதிக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நானும் பட்டம் விடத்தான் வந்தேனா என்று கேட்டார். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. வலது முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே மக்கர் பண்ணும். இல்லை, ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறேன் என்றேன். அவர் முகம் இளகிவிட்டது. இன்னும் ஒரு கரண்டி பருப்பை ஊற்றி, என்ன வருத்தம் என்று மெல்லக் கேட்டார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னேன். இங்கே வருத்தம் என்றால் நோய் என்பது எனக்குப் புரிய அன்று சாயங்காலம் ஆயிற்று.

நான் தூத்துக்குடியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். இப்போது சின்னச் சின்ன மருத்துவமனைகளுக்குப் போய், இதை இங்கே வைத்தால் பிழை வரும், அங்கே வைத்தால் வராது என்று சொல்வது என் வேலை. சொல்வது சுலபம் என்பதால் அதில் எனக்கு நல்ல பெயர். பள்ளிவாசல்துறைக்குப் பக்கத்தில், ஒரு தர்ம நிதியம் நடத்தும் சிறிய கிளினிக்கை ஐந்து நாள் பார்த்துத் திருத்தித் தர வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். கட்டில் கிடையாது, வார்டு கிடையாது. வந்து, பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற இடம். இதில் திருத்த என்ன இருக்கப் போகிறது, இரண்டு நாளில் முடித்துவிட்டு மிச்ச நாளில் மீன் சாப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

விடுதியின் பதிவேட்டில் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி எழுதச் சொன்னார்கள். ஜூன் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் ஆயிரம் தடவை எழுதிய தேதி, பேனா தானாகவே எழுதிவிடும்.

எங்கள் ஊரில் கடல் கிழக்கே. காலையில் கடலைப் பார்த்தால் சூரியன் இருக்கும். இங்கே கடல் மேற்கே, கிழக்கே களப்பு என்கிற காயல், எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன ஆட்டோக்காரர் ஜூட்டிடம், நாம் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறோமா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவர் வண்டியை நிறுத்தினார். நடு ரோட்டில் ஐந்து கழுதைகள் நின்றன. அவை யாருடையவை என்று கேட்டதற்கு, அவை அவற்றுடையவை என்றார். ஜூட் கத்தோலிக்கர், வீட்டில் தமிழ், மனைவியோடு சிங்களம், கழுதைகளோடு இரண்டும்.

கிளினிக்கில் டாக்டர் ஃபர்ஸானா, மருந்து கொடுக்கும் ஜெஸீமா, கூட்டிப் பெருக்க ஒருவர், அவ்வளவுதான். ஜெஸீமாவுக்கு முப்பது வயது இருக்கும். எல்லோரும் அவளைத் தாத்தா என்று கூப்பிட்டார்கள். மீசை வைத்த மீனவர்கூட, “தாத்தா, என்ட மருந்துத் துண்டு எங்க?” என்றார். இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு அந்தப் பெயராம். எங்கள் ஊரில் அது அப்பாவின் அப்பா. நான் ஐந்து நாளும் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கிழவரைத் தேடித் திரும்பிக்கொண்டே இருந்தேன்.

பதினோரு மணிக்குத் தேநீர் வந்தது, இங்கே பிளேன்ரீ. பால் இல்லை, சீனியும் இல்லை. கையை நீட்டுங்க மிஸ்ஸி என்று ஜெஸீமா சொல்ல, நீட்டினேன். இங்கே நர்ஸுக்கு மிஸ்ஸி என்று பெயராம். உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். என்ன செய்வது என்று தெரியாமல் அதைக் கிளாஸுக்குள் தட்டினேன். பாதி தரையில் விழுந்தது. பெஞ்சில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் முகத்தை ஒரே பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கையிலிருந்து சீனியைக் கொஞ்சம் நக்கி, ஒரு மடக்குக் குடிக்க வேண்டுமாம். வெட்கமாக இருந்தது, ஆனால் ருசியாகவும் இருந்தது.

நான் கொண்டுபோன பொருள்களில் முக்கியமானது பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு. வேலையில் நடக்கும் பிழைகளை யார் பெயரும் சொல்லாமல் அதில் எழுத வேண்டும். திட்டுவதற்கு அல்ல, மறுபடி நடக்காமல் பார்ப்பதற்கு. இதை எல்லா ஊரிலும் கொடுப்பேன், எல்லா ஊரிலும் அது வெள்ளையாகவே இருக்கும். டாக்டர் ஃபர்ஸானா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எங்களிட்ட எழுத ஒண்டும் இல்லையே” என்றார். அப்படிச் சொல்லுகிற இடத்தில்தான் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

இரண்டாம் நாள் கண்ணைத் திறந்து வைத்ததில் கிடைத்தவை நான்கு பிஸ்கட் டின்கள். அலுமாரியின் மேல் வரிசையாக இருந்தன. நோயாளிகளின் அட்டைகள் அவற்றில்தான். ஒரு டின்னில் ரோசாப்பூப் படம், ஒன்றில் கோட்டை, ஒன்றில் பூனைக்குட்டி, நான்காவதற்கு மூடியே இல்லை. எழுத்து ஒன்றும் கிடையாது. யாராவது வந்தால் ஜெஸீமா முகத்தைப் பார்ப்பாள், ஒரு டின்னுக்குள் கையை விடுவாள், அட்டை வந்துவிடும். எந்த டின்னில் யார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். ரோசாப்பூ எருக்கலம்பிட்டி, கோட்டை விடத்தல்தீவு, பூனை முசலி, மூடியில்லாதது இந்த ஊர்க்காரர் என்றாள். தொண்ணூறில், போர்க் காலத்தில், மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு இங்கே வந்த முஸ்லிம்கள் ஊர் ஊராகத்தான் குடியேறினார்கள், ஊர் ஊராகத்தான் இன்னும் இருக்கிறார்கள். ஜெஸீமா இங்கேயே பிறந்தவள். ஆனால் அவளைக் கேட்டால் அவளும் எருக்கலம்பிட்டிதான்.

நாளைக்கு இவளுக்குக் காய்ச்சல் வந்தால் இந்த டின்களை யார் படிப்பது? இந்தக் கேள்வி சரியான கேள்வி, இப்போதும் சொல்கிறேன். அதற்கு நான் செய்த காரியம்தான் சரியில்லை. நான் கொண்டுபோயிருந்த நீளப் பெட்டியை எடுத்து வைத்து, லுஹர் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து, நான்கு டின்களையும் கொட்டி, அகர வரிசையில் அடுக்கினோம். இனிமேல் முகம் பார்க்கக் கூடாது, பெயரும் பிறந்த தேதியும் கேட்க வேண்டும், அடையாள அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும், இரண்டும் பொருந்தினால்தான் மருந்து. உலகம் முழுக்க இப்படித்தான் என்றேன்.

ஜெஸீமா அடுக்கிக்கொண்டே, “மிஸ்ஸி, எல்லாரும் கலந்து போயிருவாங்களே” என்றாள். தேதி பிரித்துக் கொடுத்துவிடும் என்றேன். அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு எனக்கு இன்னொரு பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்தாள். விருந்தாளியை மறுத்துப் பேசுவது இங்கே வழக்கமில்லை என்பது எனக்குத் தெரியாது. அவள் ஒத்துக்கொண்டாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தலவில மாதா கோயில் திருவிழா. எல்லா ரோடும் அங்கேதான் போயின. பஸ், லொறி, வேனில் ஏற்றிய பாய் தலையணை, பானை சட்டி. டாக்டர் ஃபர்ஸானா கோயில் வளாகத்தில் போட்டிருந்த முதலுதவிக் கூடாரத்துக்குப் போய்விட்டார். கிளினிக்கில் அன்று மாதாந்த மருந்தை மட்டும் வாங்கிப் போகிறவர்கள். டாக்டரைப் பார்க்கத் தேவையில்லை, அட்டையில் உள்ளதைத் திரும்பக் கொடுத்தால் போதும். மருந்தை எண்ணிக் கவரில் போடுகிறவரும் கையில் கொடுக்கிறவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்று ஜெஸீமாவை உள்ளே உட்காரவைத்தேன். எப்படிக் கொடுப்பது என்று காட்ட நானே ஜன்னலில் நின்றேன்.

ஒன்பதரை மணிக்கு ஒரு மெலிந்த பெண் வந்தார். பெயர் மு. சித்தி பாத்திமா. பிறந்த தேதி ஜனவரி ஒன்று, ஆண்டும் சொன்னார். அடையாள அட்டையில் அதே. பெட்டியிலிருந்து எடுத்த அட்டையிலும் அதே. அவருக்கு அவசரம், நான் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்து, பச்சை மையில் சரி என்று குறி போட்டு, கவரின் மேல் சாப்பாட்டுக்கு முன் இரண்டு என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். என் மேல் எனக்கே மரியாதை வந்தது.

பதினொன்றரைக்கு, குடையும் தங்க ஃபிரேம் கண்ணாடியுமாக, பருமனான ஒரு பெண் வந்தார். பெயர் மு. சித்தி பாத்திமா. ஜனவரி ஒன்று. அதே ஆண்டு. ஒருவரே இரண்டு முறை வந்திருக்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன், அவ்வளவு குழம்பிவிட்டேன். கவரை அங்கேயே பிரித்து உள்ளே பார்த்தவர், “இது பிரஷர் குளிசை. எனக்குச் சீனி வருத்தமெல்லோ” என்றார்.

உள்ளேயிருந்து ஜெஸீமா எட்டிப் பார்த்தாள். “மிஸ்ஸி, இவ கோட்டை டின். காலையில வந்தவ ஆரு, மெலிஞ்சவவா? அவ ரோசாப்பூ.”

அப்போதுதான் புரிந்தது. மன்னாரில் ஊர் எது என்பது அட்டையில் எங்கும் எழுதியிருக்கவில்லை, இப்போதைய விலாசம் மட்டும்தான். அது டின்னில் மட்டும்தான் இருந்தது. டின்னை நான் கொட்டிவிட்டேன். சீனி வருத்தமே இல்லாத ஒரு பெண் என் கையால் சீனிக் குளிசை வாங்கிப் போயிருக்கிறார். வெறும் வயிற்றில் இரண்டைப் போட்டால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கும். மயக்கம், வலிப்பு, கவனிக்காவிட்டால் உயிரே போகும். சாப்பாட்டுக்கு முன் என்று எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு, வெளியே நின்ற ஜூட்டின் ஆட்டோவில் ஏறினேன். ஜெஸீமா டாக்டருக்குப் போன் போட்டபடியே எனக்குப் பின்னால் ஏறினாள். டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: ஆளைக் கண்டுபிடியுங்கள், சீனி கொடுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்த மெலிந்த பெண்ணின் அட்டை இப்போது என் கையில் இருந்தது, அதிலிருந்த விலாசத்துக்குப் போனோம். சித்தி பாத்திமா வீடு எது என்று நான் கேட்க, அந்தச் சந்தில் வேலிக்கு வேலி, எந்தச் சித்தி பாத்திமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். ஜனவரி ஒன்றில் பிறந்தவர் என்றேன். ஒரு அம்மா, “எங்கட ஒழுங்கையில முக்காவாசிப் பேர் ஜனவரி ஒண்டுதான், மகள்” என்றார். எருக்கலம்பிட்டிக்காரி, கருவாட்டு வேலைக்குப் போறவ என்று ஜெஸீமா சொன்ன பிறகுதான் வீடு தெரிந்தது. பூட்டியிருந்தது. அட்டையிலிருந்த எண்ணைக் கூப்பிட்டேன், கைப்பேசி உள்ளேயிருந்து அடித்தது.

அட்டையில் இன்னொரு எண் இருந்தது. கூப்பிட்டேன். எடுத்தவர் அவருடைய மகன், கட்டாரில் ஏதோ கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து. இரைச்சலில் என் இந்தியத் தமிழ் அவருக்கு ஏறவில்லை. ஜெஸீமா போனைக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. இதை நான்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உங்கள் அம்மாவுக்கு நான் தப்பான மாத்திரையைக் கொடுத்துவிட்டேன், அவரை உடனே பார்க்க வேண்டும் என்றேன். அவர் திட்டாமல், நிதானமாக, “உம்மா இந்நேரம் வீட்ட நிக்க மாட்டா. துறையில கருவாட்டு வாடிக்குப் போங்க. நீல ஐஸ் பெட்டி வெளியில இருக்கும்” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடலை ஒட்டிய ரோட்டுக்குப் போகும் சந்தியில் திருவிழா பஸ்கள் பூட்டுப் போட்டதுபோல் நின்றன. போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். ஜூட் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் சொன்னதை ஜெஸீமா எனக்குச் சொன்னாள்: ஐயா, ஒரு உம்மாவைத் தேடிப் போகிறோம், மாதாவுக்கு இரண்டு நிமிஷம் பொறுத்தால் ஒன்றும் ஆகாது. போலீஸ்காரர் ஒரு பஸ்ஸைப் பின்னால் எடுக்க வைத்தார். அதற்கப்புறம் கழுதைகள். ஜூட் இரண்டு மொழியிலும் கெஞ்சினார். நான் அழுதுகொண்டிருந்தேன், அதை அப்போது கவனிக்கவில்லை.

நீல ஐஸ் பெட்டி. வாடி என்பது ஓலைக் கொட்டில். உப்புச் சாக்கில் சாய்ந்து சித்தி பாத்திமா உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை, கை நடுங்கியது. வெயில் என்று நினைத்து மற்றப் பெண்கள் ஓலையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், சொற்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. விரலில் குத்திப் பார்த்தேன். மிகக் குறைவு. விழுங்க முடியுமா என்று கேட்டேன், தலையாட்டினார். அடுப்படியில் தேநீர்க் கேத்தலுக்குப் பக்கத்தில் சீனி டின் இருந்தது. அவர் கையை விரித்துப் பிடித்து உள்ளங்கையில் கொட்டினேன். பழகின கை, தானாக வாய்க்குப் போனது. மறுபடி கொட்டினேன். சீனி கரைத்த பிளேன்ரீயைக் குடிக்க வைத்தேன். பத்து நிமிஷம் கழித்து அவர் என்னை நேராகப் பார்த்து, “மிஸ்ஸி, நீங்க இங்க என்ன செய்யிறீங்க?” என்றார்.

இந்தக் குளிசையின் வேலை சீக்கிரம் முடியாது, சர்க்கரை மறுபடி இறங்கலாம். அதனால் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து அன்றைக்கு முழுதும் பார்த்தார்கள். நான்காம் நாள் காலை போனபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பாண் தின்றுகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். பாணில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் வாங்கித் தின்றேன்.

மாத்திரையின் நிறம் வேறாக இருந்ததே, தெரியவில்லையா என்று கேட்டேன்.

“தெரிஞ்சது” என்றார். “எனக்கு வெள்ளை. இது வேற நிறம். ஜெஸீமா தந்திருந்தா, என்ன புள்ள மாத்திப் போட்டாய் எண்டு ஏசியிருப்பன். நீங்க பேரக் கேட்டீங்க, திகதியக் கேட்டீங்க, ஐடென்டியப் பாத்தீங்க, விரல் வச்சு வச்சுப் பாத்தீங்க. இவ்வளவு பாத்துத் தாறவங்க பிழையாத் தருவாங்களா எண்டு குடிச்சிட்டன்.”

முப்பது வருட வேலையில் இதைவிடப் பெரிய அடி எனக்கு விழுந்ததில்லை. பிழை வராமல் இருக்க நான் கொண்டுவந்த சடங்குதான், பிழையைக் கண்டுபிடித்திருக்கக்கூடிய கடைசி ஆளின் வாயைக் கட்டியிருக்கிறது.

ஏன் எல்லோருக்கும் ஜனவரி ஒன்று என்று கேட்டேன். பத்திரங்கள் எல்லாம் அங்கேயே போயின, இங்கே வந்து வயதுச் சான்றிதழ் எடுக்கும்போது வருஷத்தைக் குத்துமதிப்பாகச் சொன்னோம், மாதமும் திகதியும் தெரியாது என்றால் அவர்களே ஜனவரி ஒன்று போட்டார்கள் என்றார். சொல்லிவிட்டு, “உங்கட திகதியாவது சரியானதா?” என்று கேட்டார்.

ஜூன் ஒன்று என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் உறைத்தது. நான் பிறந்தது கார்த்திகை மாத அடைமழையில் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று வயது இடித்ததால் ஹெட்மாஸ்டர் தன் இஷ்டத்துக்கு எழுதிய தேதி அது. என்னோடு படித்த பாதிப் பேர் ஜூன் மாதம்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், தேதி ஆளைப் பிரித்துக் காட்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவரிடம் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் சொல்லிச் சிரித்தார்.

அன்று மத்தியானம் பச்சை நோட்டின் முதல் பக்கத்தை எழுதினேன். யார் பெயரும் எழுதக் கூடாது என்பது என் விதி. நான் என் பெயரை எழுதினேன். டாக்டர் ஃபர்ஸானா அதைப் படித்தார். அப்புறம் போன மாதம் நடந்த ஒன்றை அதன் கீழே அவரும் எழுதினார். ஜெஸீமா பேனாவை வாங்கி இரண்டு பக்கம் எழுதினாள்.

ஐந்தாம் நாள் பெட்டி பெட்டியாகவே இருந்தது, டின்னுக்குத் திரும்பவில்லை. ஆனால் ஒவ்வொரு அட்டையின் தலையிலும் ஊர், யார் வீடு, என்ன வருத்தம் என்று ஜெஸீமா சொல்லச் சொல்ல எழுதினோம். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் படிக்க ஆள் வேண்டுமே. இன்னொன்றும் சேர்த்தோம். கவரை ஒட்டுவதற்கு முன் குளிசையை நோயாளி கையில் போட்டு, இது உங்களுடையதா என்று கேட்பது. இது வேலைக்கு ஆகுமா என்று எனக்குத் தெரியாது. அந்த ஊரில் ஐந்து நாள் இருந்ததில், தெரியாது என்று சொல்லப் பழகியிருந்தேன்.

பதினோரு மணிக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த சித்தி பாத்திமா வந்தார். வெளியே ஜூட் என் பெட்டியை ஏற்றிவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். தன் மருந்தை என்னிடம்தான் வாங்குவேன் என்று வரிசையில் நின்றார். பெயரைக் கேட்டேன், ஊரைக் கேட்டேன், எதற்கு மருந்து என்று கேட்டேன். அவர் உள்ளங்கையை நீட்ட, வெள்ளைக் குளிசைகளை அதில் கொட்டினேன். சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக விரல் வைத்துத் தள்ளி, திருப்பிப் போட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பிறகு என்னைப் பார்த்து, “சரி” என்றார்.